ஐஸ் ஹாக்கியிடமிருந்து ஓர் ஆசிரியர் எதை எடுத்துக்கொள்ளலாம்?

கேள்வி: எட்டாம் வகுப்பில் முப்பது மாணவர்களுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். ஒரு பாடவேளை 45 நிமிடங்கள். அண்மையில் எங்கள் பள்ளியில் நடந்த பணியிடைப் பயிற்சியில், ஆசிரியர்கள் விளையாட்டுப் பயிற்சியாளர்களைப் போல இருக்க வேண்டும் என்று சொல்லி, ஓர் ஐஸ் ஹாக்கி அணியின் ஓய்வறையில் பயிற்சியாளர் ஆவேசமாகப் பேசும் காணொளியைக் காட்டினார்கள். என் மகளோடு என்.எச்.எல். (வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்) ஆட்டங்களைத் தவறாமல் பார்ப்பவள் நான். ஆனாலும் அந்தப் பேச்சை வைத்துக்கொண்டு என் வகுப்பில் என்ன செய்வது என்று விளங்கவில்லை. என் வகுப்பில் ஐந்தாறு பேர்தான் எப்போதும் பதில் சொல்கிறார்கள். மற்றவர்கள் வாயே திறப்பதில்லை. இரண்டு மாணவர்கள் ஓயாமல் இடையூறு செய்கிறார்கள். அவர்களைக் கண்டிப்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. தொழில்முறை ஹாக்கியிலிருந்து வகுப்பறைக்கு உண்மையிலேயே எடுத்துக்கொள்ளத்தக்கது ஏதாவது உண்டா?

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு, வணக்கம்.

உண்டு, நிறையவே உண்டு. ஆனால் அது உங்களுக்குக் காட்டிய காணொளியில் இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஓய்வறைப் பேச்சு கேமராவுக்கு எளிதில் அகப்படுவதால், பயிற்சியாளரின் வேலையே அதுதான் என்ற எண்ணம் பரவிவிட்டது. என்.எச்.எல். அணிகள் நெடுங்காலமாக ஒரு பருவத்தில் 82 லீக் ஆட்டங்கள் ஆடி வந்திருக்கின்றன. அத்தனை இரவுகளிலும் தொழில்முறை வீரர்களை ஆவேசப் பேச்சால் இயக்கிவிட முடியாது. ஆட்டம் நடக்கும் 60 நிமிடங்களில் பயிற்சியாளர் பக்கை (பந்துக்குப் பதிலாக ஆடப்படும் தட்டையான ரப்பர் வட்டை) தொட முடியாது. பனித்தளத்தில் இறங்கி ஆடிக்காட்டவும் முடியாது. அடுத்து யார் இறங்குவது, எவ்வளவு நேரம் ஆடுவது, ஆடிவிட்டு வந்து அமர்ந்தவரிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பவற்றைப் பெஞ்சுக்குப் பின்னால் நின்றபடி முடிவு செய்வதே அவருடைய வேலை. தலைமைப் பயிற்சியாளராக ஒன்பது முறை என்.எச்.எல். வெற்றிக் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை வென்ற ஸ்காட்டி போமன், என்.எச்.எல்.-இல் வீரராக ஓர் ஆட்டம்கூட ஆடியவரல்லர். எதிரணியின் எந்த வரிசை (சேர்ந்து இறங்கும் முன்கள வீரர் மூவர்) களத்தில் இருக்கும்போது தம் அணியின் எந்த வரிசையை இறக்குவது என்பதில் அவர் காட்டிய நுட்பம் பேர்பெற்றது. ஆகவே, ஆசிரியர் ஹாக்கியிடம் கேட்டுப் பெற வேண்டியது, களத்தில் இருக்கும் நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்பதற்கான விடைதான். உங்கள் கடிதத்தில் உள்ள இரண்டு சிக்கல்களும் அந்த ஒரு விடையோடு நெருங்கிய தொடர்புடையவை.

முதலில் ஒரு ஷிஃப்ட்டின் நீளத்தைப் பாருங்கள். என்.எச்.எல். வீரர் ஒருவர் ஒரு முறை இறங்கினால் சராசரியாக 45 வினாடி அளவே ஆடுகிறார்; பிறகு பெஞ்சுக்கு வந்து மூச்சு வாங்கி, அடுத்த முறைக்குக் காத்திருக்கிறார். முழு வேகத்தில் சறுக்கும் உடல் அதற்கு மேல் தாங்காது. ஒன்றரை நிமிடம் களத்திலேயே மாட்டிக்கொண்ட ஐவர் எப்படித் தடுமாறுவார்கள் என்பதைத் தொலைக்காட்சியில் நீங்களே பலமுறை பார்த்திருப்பீர்கள். 2005–06 பருவத்திலிருந்து, ஐசிங் செய்த (தன் பாதிக் களத்திலிருந்து பக்கை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் அடித்துவிட்ட) அணி ஆட்களை மாற்றக் கூடாது என்று விதி கொண்டுவந்ததன் நோக்கமும் இதுதான்: களைத்தவர்களைக் களத்திலேயே நிறுத்தினால் எதிரணிக்குக் கோல் வாய்ப்பு கூடும். புதிய கருத்தொன்றைப் பிடித்துக்கொள்ள முயலும் பதின்மூன்று வயதுக் குழந்தையின் கவனத்துக்கும் எல்லை உண்டு. அது 45 வினாடி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், 25 நிமிடம் தொடர்ந்து விளக்கம் கேட்ட பிறகு ஒரு மாணவனிடம் கேள்வி கேட்டு, அவன் விழிப்பதைக் கண்டு, கவனிக்கவில்லை என்று நாம் முடிவு கட்டுகிறோமே, அங்கே பிழை பெரும்பாலும் ஷிஃப்ட்டின் நீளத்தில் இருக்கிறது. விளக்கத்தைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் மாணவர்களே செய்ய வேண்டிய ஒரு வேலையை வைத்தால் பாடத்தின் போக்கே மாறும்.

அடர்த்திப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்கமும் 2 செ.மீ. உள்ள மூன்று கனசதுரக் கட்டைகள்: ஒன்று மரம், ஒன்று அலுமினியம், ஒன்று இரும்பு. எதையும் விளக்காமல் அவற்றைக் காட்டி, எது மிதக்கும், எது மூழ்கும், ஏன் என்று இரண்டு நிமிடத்துக்குள் ஒவ்வொருவரும் தம் குறிப்பேட்டில் எழுத வேண்டும். முதல் ஷிஃப்ட் அவ்வளவே. பின்பு மூன்றையும் தண்ணீரில் போடுங்கள். மரம் மிதக்கும், மற்ற இரண்டும் மூழ்கும். கனமானது மூழ்கும் என்று எழுதிய பாதி வகுப்பு தன் விடை சரி என்று மகிழும். அந்த நேரத்தில், 200 கிராம் எடையுள்ள பெரிய மரத்துண்டு ஒன்றைத் தராசில் வைத்துக் காட்டிவிட்டுத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். ஏறத்தாழ 22 கிராமே உள்ள அலுமினியக் கட்டை அடியில் கிடக்கும்போது, அதைப் போல ஒன்பது மடங்கு கனமானது ஏன் மிதக்கிறது என்று இருவர் இருவராக மூன்று நிமிடம் பேசட்டும். இவ்வளவுக்கும் பிறகு நீங்கள் ஐந்து நிமிடம் பேசினால் போதும். நிறையைக் கன அளவால் வகுக்க வேண்டிய தேவையை அவர்கள் தாங்களே உணர்ந்திருப்பார்கள். அடுத்த ஷிஃப்ட்டில் இரும்புக் கட்டையின் எடையை அளந்து, அது ஏறத்தாழ 63 கிராம் என்று கண்டு, 8 கன செ.மீ.-ஆல் வகுத்து விடை எழுதுவார்கள். இந்தப் பாடத்தில் நீங்கள் பேசிய நேரம் பத்து நிமிடத்தைத் தாண்டாது. பாடப்பொருளில் எதுவும் குறைந்துவிடவும் இல்லை.

இப்படித் துண்டாக்கிக் கற்பிக்க முயலும் ஆசிரியர்களைப் பலமுறை வகுப்பில் அமர்ந்து கவனித்திருக்கிறேன். அவர்கள் சறுக்கும் இடம் ஏறக்குறைய எப்போதும் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம்தான். ஹாக்கியில் பெரும்பாலான ஆள்மாற்றம் ஆட்டம் நிற்காமலேயே நடக்கிறது. வெளியேறும் வீரர் தம் பெஞ்சுக்கு ஐந்தடி தூரத்துக்குள் வந்து ஆட்டத்திலிருந்து விலகிய பிறகே அவருக்குப் பதிலாக மற்றவர் இறங்கலாம். முந்தி இறங்கி ஆட்டத்தில் கலந்தால், களத்தில் ஆள் கூடிவிட்டது என்று அணிக்கு இரண்டு நிமிடத் தண்டனை; அந்த நேரம் அணி ஒருவர் குறைந்து ஆட வேண்டும். இந்தக் குறுகிய இடைவெளியில் குழப்பம் வராததற்குக் காரணம், இறங்க வேண்டிய வரிசையின் பெயரைப் பயிற்சியாளர் முன்கூட்டியே சொல்லிவிடுவதும், ஒவ்வொருவரும் தாம் யாருக்குப் பதிலாக இறங்குகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு தடுப்புச்சுவரின் மேல் காலைத் தூக்கி வைத்துக் காத்திருப்பதும்தான். வகுப்பில் நாம் செய்வது இதற்கு நேர்மாறு. ஒரு வேலையை நிறுத்திவிட்டு, எல்லாரும் பேசத் தொடங்கிய பிறகு, அந்த இரைச்சலுக்கு மேலே அடுத்த வேலையை விளக்குகிறோம். அடுத்து என்ன செய்ய வேண்டும், யாரோடு, எதை எடுத்துக்கொண்டு என்பதை முந்தைய வேலைக்கு முன்பாகவே பலகையில் எழுதி வைத்துவிட்டால், உங்கள் இரண்டு மாணவர்களும் கிளம்பும் இடைவெளிகளில் பாதி அடைபட்டுவிடும்.

இனி, ஐந்தாறு பேர் மட்டுமே பேசும் சிக்கலுக்கு வருகிறேன். நான் மிக முக்கியமானதாகக் கருதுவது இதைத்தான். ஹாக்கியை அப்படியே பின்பற்றக் கூடாத இடமும் இதுவே.

ஓர் ஆட்டத்துக்கு 18 களவீரர்களும் இரண்டு கோல்கீப்பர்களும் உடையணிந்து வருகிறார்கள். களவீரர்களில் பொதுவாக 12 பேர் முன்கள வீரர்கள். மூவர் மூவராக நான்கு வரிசைகள். முதல் வரிசை வீரர் ஏறத்தாழ 20 நிமிடம் ஆடும் இரவில், நான்காம் வரிசை வீரர் எட்டு அல்லது பத்து நிமிடத்தோடு நின்றுவிடுவார். முதன்மைத் தடுப்பாட்டக்காரர் 25 நிமிடம்வரை ஆடுவதுண்டு. அன்றிரவே வென்றாக வேண்டிய பயிற்சியாளருக்கு இந்தப் பங்கீடு நியாயமானது. உங்கள் வகுப்பைப் பாருங்கள்: நன்றாகத் தெரிந்தவர்கள் கை தூக்குகிறார்கள், நீங்கள் அவர்களை அழைக்கிறீர்கள், அவர்களுக்கு இன்னும் பழக்கம் கூடுகிறது, மற்ற இருபத்துநான்கு பேர் நான்காம் வரிசையாகப் பெஞ்சிலேயே அமர்ந்திருக்கிறார்கள். யாரும் திட்டமிடாமலேயே, இன்றிரவு வென்றாக வேண்டிய அணியைப் போல உங்கள் வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் உங்களுக்கு இன்றிரவு ஆட்டம் எதுவும் இல்லை. முப்பது பேரும் கற்றாக வேண்டும்; குறைவாகத் தெரிந்தவருக்கே களத்தில் கூடுதல் நேரம் தேவை.

தொழில்முறை அணிகளுக்கும் இது தெரியாததல்ல. இளம் வீரர் ஒருவரை என்.எச்.எல். அணியின் பெஞ்சில் உட்கார வைத்து, ஆட்டத்துக்குச் சில நிமிடம் மட்டும் இறக்குவதா, அல்லது அடுத்த நிலையில் இருக்கும் அமெரிக்கன் ஹாக்கி லீக்குக்கு அனுப்பி அங்கே ஒவ்வோர் ஆட்டத்திலும் நிறைய நேரம் ஆட வைப்பதா என்ற கேள்வி எழும்போது, பல அணிகள் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கின்றன. டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணி, கென் ஹாலண்ட் பொது மேலாளராக இருந்த ஆண்டுகளில், இளம் வீரர்களை அவசரப்பட்டு மேலே ஏற்றாமல் அந்தக் கீழ்நிலை லீக்கில் உள்ள தன் கிராண்ட் ராப்பிட்ஸ் அணியில் நீண்ட காலம் ஆடவிட்டதற்காகவே அறியப்பட்டது. உலகின் சிறந்த ஆட்டத்தை மிக அருகில் அமர்ந்து பார்ப்பதைவிட, ஒரு படி கீழே இறங்கித் தானே ஆடுவது வளர்ச்சிக்கு உதவும் என்பதே அதிலுள்ள கணக்கு. நம் வகுப்பில் ‘பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்’ என்று விடப்பட்டவர்களை நினைத்து நாம் கவலைப்பட வேண்டியதும் இதனால்தான்.

இதைச் சரிசெய்யக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 நிமிடத்தில் நீங்கள் 30 நிமிடம் பேசினால் மீதம் 15 நிமிடம். அதை முப்பது பேருக்கும் துல்லியமாகச் சமமாகப் பங்கிட்டு, ஒவ்வொருவராகப் பேச வைத்தாலும் தலைக்கு அரை நிமிடம்தான் வரும். இருவர் இருவராக ஐந்து நிமிடம் பேசவிட்டால் ஒவ்வொருவருக்கும் இரண்டரை நிமிடம் கிடைக்கிறது. 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்ட பனித்தளத்தில், பயிற்சி நாளன்று, ஒரு மூலையை மட்டும் பிரித்து மூவருக்கு மூவராக ஆடவிடும் வழக்கம் இருப்பதற்குக் காரணம் இதே கணக்குதான்: இடம் சிறிதானால் ஒவ்வொருவரிடமும் பக் அடிக்கடி வரும், வரிசையில் நின்று காத்திருப்பது குறையும். ஆகவே ஒரு கேள்வியை முழு வகுப்பிடம் கேட்பதற்கு முன், அதை எல்லாரும் எழுதவோ பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லவோ ஒரு நிமிடம் கொடுங்கள். பிறகு கை தூக்கியவரை விட்டுவிட்டு நீங்களே ஒருவரைப் பெயர் சொல்லி அழையுங்கள். ஏற்கெனவே ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டதால், அழைக்கப்பட்டவர் வெறுங்கையோடு எழ வேண்டியிருக்காது. உங்கள் ஐந்தாறு பேர் முதலில் சற்று வருந்துவார்கள். அவர்களிடம் தனியே காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

அவர்களுக்கு வேறொரு பங்கும் கொடுக்கலாம். ஹாக்கியில் கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி என்றால், அதற்கு முன் பக்கைக் கடத்திக் கொடுத்த இருவர்வரை அசிஸ்ட் என்ற பெயரில் ஆளுக்கு ஒரு புள்ளி உண்டு. மதிப்பில் வேறுபாடு இல்லை. வெய்ன் கிரெட்ஸ்கி 1999-இல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 894 கோல்களும் 1,963 அசிஸ்ட்களும் இருந்தன. அவருடைய கோல்களை எல்லாம் நீக்கிவிட்டாலும், அசிஸ்ட்களை மட்டும் வைத்தே, வேறெந்த வீரரின் மொத்தப் புள்ளிகளையும்விட அவர் மேலே நிற்கிறார். பிறருக்கு வழி செய்து கொடுத்ததை ஆட்டம் எண்ணிப் பதிவு செய்வதால்தான் இது நமக்குத் தெரிகிறது. வகுப்பில் நாம் பதிவு செய்வது இறுதி விடையை மட்டுமே. ஒரு மாணவி கேட்ட கேள்வியால்தான் இன்னொருவனுக்கு விடை பிடிபட்டது என்றால், அதை அந்த இடத்திலேயே, பெயரோடு, எல்லார் முன்னும் சொல்லுங்கள். நன்றாகத் தெரிந்த மாணவர்களுக்கு, விடையைச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவர் கண்டுபிடிக்கும்படி கேள்வி கேட்பதைப் பழக்குங்கள். அது விடை சொல்வதைவிடக் கடினமான வேலை, அவர்களுக்கு ஏற்ற வேலையும் அதுதான்.

திருத்தம் சொல்வதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1970-களின் இறுதியில் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் பயிற்சியாளராக இருந்த ரோஜர் நீல்சன், ஆட்டத்தைப் பதிவு செய்து வீரர்களுக்குப் போட்டுக் காட்டும் முறையைப் பரப்பிய முன்னோடி. ‘கேப்டன் வீடியோ’ என்றே அவரை அழைத்தார்கள். இன்று பெஞ்சிலேயே டேப்லெட் இருக்கிறது. ஆடிவிட்டு வந்த வீரர், அடுத்த முறை இறங்குவதற்கு முன்பே தாம் நின்ற இடத்தைப் பார்த்துவிடலாம். திருத்தம் பயன்படுவது, அடுத்த முயற்சிக்கு முன் வந்து சேர்ந்தால்தான். இரண்டு வாரம் கழித்துச் சிவப்பு மையோடு திரும்பும் குறிப்பேட்டில் பத்துக் குறிப்புகள் இருந்தாலும், மாணவன் பார்ப்பது மதிப்பெண்ணை மட்டுமே. வகுப்பில் சுற்றி வரும்போது, எழுதிக்கொண்டிருப்பவரின் அருகில் நின்று, ஒரே ஒரு குறையைச் சுட்டி, அவர் அதைத் திருத்துவதைப் பார்த்துவிட்டு நகருங்கள்.

இடையூறு செய்யும் மாணவர்கள் விஷயத்தில் ஹாக்கி நடுவரிடம் கற்க இரண்டு செய்திகள் உண்டு. தவறு செய்தது பக் கையில் இல்லாத அணி என்றால், நடுவர் உடனே விசில் ஊதுவதில்லை. கையை உயர்த்திக் காட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடர விடுகிறார். தவறு செய்த அணி பக்கைக் கைப்பற்றிய பின்புதான் ஆட்டம் நிற்கும், தண்டனை வரும். தவறு செய்யாதவர்களின் ஆட்டம் கெடக் கூடாது என்பது இதன் உட்பொருள். நீங்கள் பாடத்தை நிறுத்தி அந்த இருவரையும் கண்டிக்கும் ஒவ்வொரு முறையும், ஒழுங்காகக் கவனித்துக்கொண்டிருந்த இருபத்தெட்டுப் பேரின் ஆட்டத்தை நிறுத்துகிறீர்கள். அந்த இருவருக்கோ முழு அரங்கின் பார்வை கிடைத்துவிடுகிறது. மாறாக, இடையூறு செய்பவனைப் பார்த்து, மேசை மேல் ஒரு சிறு அட்டையை வைத்துவிட்டு, பேச்சை நிறுத்தாமல் பாடத்தைத் தொடருங்கள். அந்த அட்டைக்கு என்ன பொருள் என்பதை முன்பே இருவருக்கும் தனியே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த எழுத்து வேலை தொடங்கியதும், மற்றவர்கள் குனிந்திருக்கும்போது அருகில் சென்று பேசுங்கள். யாருக்காவது அடி படும்படியான செயல் என்றால் மட்டும் இது பொருந்தாது. அப்போது உடனே நிறுத்தியே ஆக வேண்டும்.

இரண்டாவது, தண்டனைக்கு முடிவு இருப்பது. சிறு தவறுக்கு இரண்டு நிமிடம், பெரிய தவறுக்கு ஐந்து நிமிடம். தண்டனை பெற்றவர் அமரும் பெட்டியின் கதவு திறந்ததும் வீரர் நேராக ஆட்டத்துக்குள் வந்துவிடுகிறார், யாரும் பழையதைக் கிளறுவதில்லை. தண்டனையின் அளவு மிகையாகிவிட்டால் அதைக் குறைக்கவும் இந்த லீக் தயங்கியதில்லை. முன்பெல்லாம் சிறு தண்டனை பெற்றவர், எதிரணி எத்தனை கோல் அடித்தாலும் இரண்டு நிமிடமும் வெளியே இருந்தாக வேண்டும். 1955 நவம்பரில் மாண்ட்ரியல் கனேடியன்ஸ் அணியின் ஷான் பெலிவோ, பாஸ்டன் அணிக்கு எதிராக ஒரே பவர் பிளேயில் (தண்டனையால் எதிரணி ஆள் குறைந்து ஆடும் நேரம்) 44 வினாடிக்குள் மூன்று கோல் அடித்தார். மாண்ட்ரியல் அணியின் பவர் பிளே அவ்வளவு வலிமையாக இருந்ததால், 1956–57 பருவத்திலிருந்து, எதிரணி ஒரு கோல் அடித்தவுடன் சிறு தண்டனை முடிந்துவிடும் என்று விதியை மாற்றினார்கள். ஒரு சிறு பிழைக்காகத் திங்கட்கிழமை திட்டு வாங்கிய மாணவன், வெள்ளிக்கிழமை வரை அதே பார்வையைச் சந்திக்க நேர்ந்தால், திருந்துவதற்கு அவனுக்கு என்ன காரணம் இருக்கும்? அளவை முன்பே சொல்லுங்கள், அளவோடு முடியுங்கள், முடிந்ததும் அவனுக்கு உடனே ஒரு வேலை கொடுங்கள்.

ஹாக்கித் தண்டனையின் ஒரு பகுதியை மட்டும் வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள். அங்கே ஒருவர் தவறினால் அணியே ஆள் குறைந்து ஆடுகிறது. விரும்பி ஒப்பந்தம் செய்துகொண்டு வந்த வீரர்களுக்கு அது பொருந்தலாம். ஒருவனுக்காக முழு வகுப்பின் இடைவேளையையும் பிடித்து வைப்பது நியாயமற்றது, தவறியவனைத் தோழர்களிடமிருந்து விலக்கியும் விடும். அதுபோலவே, திறமை குறைந்தவரை வேறு அணிக்கு மாற்றும் உரிமை மேலாளருக்கு உண்டு, ஆசிரியருக்கு இல்லை. ஆசிரியர் பணியின் மேன்மையும் அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இவை எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். முதலில், உங்களுக்கு நெருக்கமான சக ஆசிரியர் ஒருவரை ஒரு பாடவேளைக்கு வகுப்பின் பின்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். முப்பது பெயர்களும் இருக்கை வரிசைப்படி எழுதிய தாளை அவரிடம் கொடுத்து, யார் பாடத்தைப் பற்றிப் பேசினாலும் அந்தப் பெயருக்கு எதிரே ஒரு கோடும், நீங்கள் பேசும் நேரத்தைக் கடிகாரம் பார்த்து ஓரத்திலும் குறிக்கச் சொல்லுங்கள். மதிப்பீடோ கருத்தோ வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும். அந்தத் தாளில் கோடே விழாத பெயர்களில் நால்வரைத் தேர்ந்தெடுத்து, அடுத்த இரண்டு வாரத்துக்கு, எழுதிப் பார்க்க ஒரு நிமிடம் கொடுத்த பிறகு நீங்கள் கேட்கும் முதல் கேள்வி அந்த நால்வரில் ஒருவருக்குப் போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அதே ஆசிரியரை மீண்டும் அழைத்து அதே தாளில் எண்ணச் சொல்லுங்கள். அந்த இரண்டு தாள்களையும் எனக்கு அனுப்பினால், உங்கள் வகுப்புக்கு அடுத்து எது பொருந்தும் என்பதை இன்னும் குறிப்பாக எழுதுகிறேன்.